கனகவல்லியின் கூரைப் பெட்டி

பம்மலில் இருந்த ஒரு சின்ன பீங்கான் ஓட்டுத் தொழிற்சாலையில் கனகவல்லி பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள். சுவரில் பதிக்கிற வெள்ளை ஓடுகள் அங்கே தயாராயின. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக இருந்தால் விரிசல் என்று ஒதுக்குவாள். நல்லதை வைக்கோல் வைத்து மரப்பெட்டியில் அடுக்குவாள். அனகாபுத்தூரில் தறியில் நெய்துகொண்டிருந்த புருஷன் நெஞ்சுநோயில் படுத்த பிறகு, குடும்பம் அவள் வேலையை நம்பித்தான் இருந்தது.

1968-ல் பினாங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடு அனுப்பும் ஆர்டர் வந்தது. முதல் தவணை மூவாயிரம் ஓடு கப்பலில் போனது. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தொள்ளாயிரம் உடைந்திருந்தன.

மேனேஜர் தேவானந்தம் அவளைக் கூப்பிட்டார்.

"பேக்கிங் சரியில்லைன்னு எழுதியிருக்காங்கம்மா. அடுத்ததும் இப்படிப் போச்சுன்னா ஆர்டர் கேன்சல். உன்னையும் வச்சுக்க முடியாதுங்கிறார் முதலாளி."

கனகவல்லி சொன்னாள்: "ஓட்டை நிக்க வச்சுதான் சார் அடுக்கினேன். நின்னா உடையாது. கப்பல்ல ஏத்தறவங்க இன்னா பண்றாங்கன்னு நான் ஒருவாட்டி பாக்கணும்."

தேவானந்தம் இரண்டு நாள் அலைந்து துறைமுகத்துக்குள் போக அவளுக்குப் பாஸ் வாங்கித் தந்தார். வேறு ஊருக்குப் போகும் ஓட்டுப் பெட்டிகளை ஏற்றிப் போன லாரியில் அவளும் போனாள்.

அங்கே பெட்டிகளை இறக்கியவர்கள் எல்லாவற்றையும் படுக்கப் போட்டு, மேலே மூட்டைகளை அடுக்கினார்கள். "உடையும், நிமிர்த்தி வை" என்று பெட்டியில் இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் அந்த எழுத்தைக் காட்டி, அப்பாதுரை என்ற தொழிலாளியிடம் கேட்டாள்.

"ஏன்ணா படுக்கப் போடறீங்க?"

"படுக்க வச்சாத்தான் மேல அட்டி போட சவுரியமா கீது. எழுத்தெல்லாம் யாரு படிச்சாங்க?"

அவள் சண்டை போடவில்லை. அவளுக்கும் படிக்கத் தெரியாது.

மறுநாள் தொழிற்சாலைத் தச்சரிடம் உட்கார்ந்து புதுப் பெட்டி ஒன்று அடிக்கச் சொன்னாள். மேல்பக்கம் வீட்டுக் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. அதன்மேல் எதையும் வைத்தால் நிற்காது. அடியில் இரண்டு பக்கமும் ஒரு முழம் கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. சாய்த்துப் படுக்க வைக்க முடியாது.

தேவானந்தம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "கப்பல்ல இடத்தை அடைக்குமே. வாடகை கூடுமே."

"ஒடஞ்ச ஓடும்தான் சார் எடத்தை அடைச்சிகினு போவுது."

அவர் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கினார்.

அடுத்த தவணை அந்த மாதிரிப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்து பதில் வரும்வரை கனகவல்லிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒருநாள் மதியம் தேவானந்தம் கடிதத்தோடு பேக்கிங் கொட்டகைக்கே வந்தார்.

"மூவாயிரத்துல பத்தொன்பதுதான் உடைஞ்சிருக்கு."

"அந்தப் பத்தொம்பதும் ஒரே பெட்டியா சார்?"

"அது எழுதலைம்மா."

"கேட்டு எழுதுங்க சார். ஒரே பெட்டின்னா யாரோ கீழ போட்டது, பல பெட்டின்னா என் அடுக்கு தப்பு."

அவர் கேட்டு எழுதினார். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆர்டர் மட்டும் தொடர்ந்தது. கனகவல்லி பேக்கிங் பகுதிக்கு மேஸ்திரியானாள்.

1971-ல் ஆஸ்பத்திரி திறந்தபோது அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. வெள்ளைச் சுவர், அதன் முன்னால் வரிசையாக நர்சுகள். எல்லோரும் நர்சுகளைப் பார்த்தார்கள். கனகவல்லி வெகுநேரம் சுவரையே பார்த்தாள்.

"மூணாவது வரிசை கோணலா கீது," என்றாள். "பதிச்சவன் நூல் புடிச்சு நேர் பாக்கல."