அப்பாவுக்கு வாங்கித் தந்த வெயில்

பெங்களூர் பீன்யாவில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் அம்மா அட்டை வைத்து ஆணியடித்து அடைத்திருந்தாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்கியாக வேண்டுமே. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் இருட்டில்தான் சோற்றுத் தட்டைத் துழாவுவேன்.

தெருவுக்கு ஒருவரிடம் செல்போன் வந்திருந்த காலம். அப்பாவுக்குக் கால் வீங்கியது, வேலை நின்றது, டயாலிசிஸ் தொடங்கியது. பெரியவர்கள் கிசுகிசுத்துக்கொண்டதெல்லாம் எனக்கு எட்டவில்லை. டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் விளங்கியது: அப்பா உடம்பில் வெயில் சத்தே இல்லையாம். பூ, இவ்வளவுதானா! அன்றைக்கே அட்டையைப் பிய்த்துப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

மொட்டை மாடிச் சாவி வீட்டுக்கார ஆன்ட்டியிடம் இருந்தது. வடாம் காய்வதால் யாரையும் ஏறவிட மாட்டார். "ஆன்ட்டி, அப்பங்கெ பிசிலு பேக்கு" என்று கன்னடத்தில் போய் நின்றேன். அப்பாவுக்கு வெயில் வேண்டுமென்று கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. வெயிலுக்கு வாடகை கிடையாது என்று சிரித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறுதோறும் அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றுவேன். படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திப் போடுவேன். சூடு ஏறினால் அவருக்கு அரிப்பெடுக்கும். பறபறவென்று சொறிவார்.

"பாத்தியாப்பா, வெயிலு உள்ள போவுது. அதான் அரிக்குது."

"ஆமா கண்ணு, போவுது."

அம்மா கீழே வரச் சொன்னால், "எங்க டாக்டரம்மா இன்னும் விடலியே" என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். வெயில் வராததுதான் காரணம் என்று மழையின் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். அழுததைவிட அதைத் திட்டியதுதான் அதிகம்.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் இதை அம்மாவிடம் சொன்னேன்.

"வெயில உடம்புக்கு ஒதவுற மாதிரி மாத்திக் குடுக்குறதே கிட்னிதானாம்டி. அதுவே போனப்புறம் எவ்ளோ நேரம் ஒக்காந்தாலும் பெருசா பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் அவருகிட்ட அப்பவே சொல்லிட்டாரு. வெயில்ல ஒக்காந்த அன்னிக்கு ராத்திரி பூரா அரிப்புல தூங்க மாட்டாரு."

"அப்புறம் ஏம்மா ஏறுனாரு?"

"நீதான் சாவி வாங்கியாந்துட்டியே."