நீந்த வேண்டாம், படகிலேயே வரவும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அந்த ஏரிக்கரையில் எள் விழ இடமிருக்காது. அதை ஏரி என்று சொல்வதற்கே வாய் கூசும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் மட்டும் தொலைவில் ஒரு மலையின் விளிம்பு நீலமாய்த் தலைகாட்டும். கடலைப் பார்த்திராத குழந்தைகள் கடல் என்றே நினைத்து, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பே இல்லப்பா!" என்று ஏமாந்து போகும்.

கயிறு கட்டிய ஆழமில்லாத பகுதியில் குடும்பம் குடும்பமாகக் குளிப்பார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முழங்காலளவு தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கால்களை நனையவிட்டபடி பகல் முழுக்கப் பேப்பர் படிப்பார். தூண்டில் போடுகிறவர்கள் ஒரு பக்கம், அவர்களிடம் "ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்டுக் கேட்டே மீனை விரட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். மரத்தடிகளில் துண்டு விரித்துத் தூங்குகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. மற்ற எல்லோரும் பெடல் படகில் ஏறி ஏரிக்குள் போய்விடுவார்கள்.

அப்படிப் போனவர்களைக் கரைக்குத் திரும்ப வைப்பது ஒரே ஒரு குரல்.

"ஏழாம் நம்பர் படகு, உங்கள் நேரம் முடிந்தது. கரைக்குத் திரும்பவும்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். படகுத்துறையின் நுனியில், தண்ணீரைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன மரக்கூண்டு. அதில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு மேஜை விசிறி. வெளியே கம்பத்தின் உச்சியில் கூம்பு ஸ்பீக்கர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலி அவளுடையது. அதட்டலும் அன்பும் சரிபாதி கலந்த குரல் அவளுக்கு. "பதினொன்றாம் நம்பர், எழுந்து நிக்காதீங்க தம்பி. போட்டோ எடுக்கிறது உங்க வேலை, உங்களை எடுத்துக்கிறது ஏரியோட வேலை" என்பாள். கரை முழுக்கச் சிரிப்பு அலையடிக்கும். தம்பி பொட்டென்று உட்கார்ந்துவிடுவான்.

அந்தத் துறைக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஒரு படகு தண்ணீரில் இருந்தாலும் மைக் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. அதனாலேயே இத்தனை வருஷத்தில் மைக் அக்கா ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. கடைசிப் படகு திரும்பியதும் எல்லாவற்றையும் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் படத்தை முழுசாகப் பார்க்காத கதைதான்.

ஆனால் ஏரி அவளுக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்லி வைத்திருந்தது. காற்று எழும்புமுன், விடிந்தும் விடியாத பொழுதில், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்த நேரத்தில் ஏரி நடுவில் யார் முணுமுணுத்தாலும், அந்தச் சொல் நீரின் மேல் வழுக்கிக்கொண்டே துறை வரைக்கும் வந்துவிடும். அத்தனை பெரிய தண்ணீர், அத்தனை சின்னப் பேச்சைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். தாங்கள் தனியாக இருப்பதாக நினைத்து அழுதவர்கள், கொஞ்சியவர்கள், அண்ணன் தம்பியோடு சமாதானம் ஆனவர்கள், எல்லோரையும் அவள் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

அப்படி ஒரு காலையில்தான் அவள் தலையெழுத்தும் எழுதப்பட்டது. படகுகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அப்போது கட்டுமஸ்தான இளைஞர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். நின்றுபோன மோட்டார் படகைச் சரிசெய்ய ஒரு சிநேகிதனோடு ஏரிக்குள் போயிருந்தார். அங்கிருந்து அவர் குரல் வந்தது.

"டேய், அந்த மைக்குல பேசுற பொண்ணு என்னை ஒரே ஒரு தடவை கூப்பிட்டா போதும்டா. படகெல்லாம் எதுக்கு? நீந்தியே கரைக்குப் போயிடுவேன்."

கூண்டுக்குள் அவள் காது மடல் வரைக்கும் சிவந்துபோனாள். பிறகு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, மைக்கைப் போட்டாள்.

"மெக்கானிக் அவர்களின் கவனத்துக்கு. உடனே கரைக்கு வரவும். நீந்த வேண்டாம், படகிலேயே வரவும்."

சிநேகிதன் சிரித்த சிரிப்பில் தண்ணீரிலேயே விழுந்துவிட்டான். அடுத்த கோடைக்குள் கல்யாணம் முடிந்தது.

அதன் பிறகு வீட்டில் அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவர் பட்டறையில் குனிந்து வேலை செய்துகொண்டே பகல் முழுக்க ஸ்பீக்கரில் அவள் குரலைக் கேட்பார். ராத்திரி விளக்கை அணைக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "இன்னைக்கு நல்லா இருந்துச்சு." ஒருநாளும் தவறியதில்லை. அந்த மனிதருக்குக் காதலிக்கத் தெரிந்த விதம் அவ்வளவுதான். அவளுக்கும் அது போதுமாக இருந்தது.

இந்தக் கோடையில் அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது.

முதலில் லேசான கரகரப்பு. வெந்நீர் குடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கொடுக்கும் நாத்தனாருக்கு மட்டும் கண்ணும் காதும் கூர்மை.

"என்ன அண்ணி, தொண்டையில தவளை குடியேறிடுச்சா?"

"இருந்துட்டுப் போகட்டும், விடுடி. வாடகைய உங்கண்ணன் வசூல் பண்ணிக்குவாரு."

"எங்கண்ணனா? அவர் வாயத் தொறந்து கேட்டாத்தானே வாடகை!"

இருவரும் சிரித்தார்கள். அவளுடைய பழைய குரலில் வந்த கடைசிச் சிரிப்பு அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். ஏரி நிறையப் படகுகள். "பதினான்காம் நம்பர் படகு" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மீண்டும் முயன்றாள். ஸ்பீக்கர் ஊமையாக நின்றது.

பட்டறை வாசலில் மெக்கானிக் தலை நிமிர்த்தினார். கூண்டின் பக்கவாட்டு ஜன்னல் வழியே மனைவியின் உதடுகள் அசைவது தெரிகிறது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. அவருக்கு வேறென்ன தோன்றும்? ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பத்தில் சாத்தினார். மளமளவென்று ஏறி ஸ்பீக்கரின் பின்மூடியைக் கழற்றினார்.

"இப்பப் பேசு!"

அவள் பேசினாள். வரவில்லை.

"கேக்கல! இன்னொரு தடவை!"

கீழே கூட்டம் கூடிவிட்டது. "ஃபியூஸ் பாருங்க சார்!" என்றார் ஒருவர். "ஒயர்ல எலி கடிச்சிருக்கும்" என்றார் இன்னொருவர். கணக்கு வாத்தியார்கூடப் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். மெக்கானிக் வியர்வை சொட்டச் சொட்ட ஒயரை மாற்றினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லும்மா! சத்தமா!"

கூண்டுக்குள் அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தன் குரலை ஸ்பீக்கருக்குள் தேடும் அந்த மனிதரைப் பார்த்து, 'அது அங்கே இல்லைங்க' என்று சொல்லக்கூட அவளிடம் குரல் இல்லையே!

ஓடி வந்த நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். மைக் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா..." அந்தச் சொல் ஏரி முழுக்க முழங்கியது. "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. நீங்க இறங்கி வாங்க."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி, துறைப் பலகையில் பட்டு, தண்ணீரில் விழுந்தது.

குரல் நாணில் கட்டி என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். "பழையபடி குரல் வரலாம். கொஞ்சம் மாறி வரலாம். வெறும் காத்து மட்டும் வந்தாலும் வரலாம். பேசிப் பார்த்தாத்தான்மா தெரியும். நான் சொல்ற வரைக்கும் முணுமுணுக்கக்கூடக் கூடாது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு வாயடைத்துக் கிடந்தது. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள். கோபம் வந்தால் டம்ளரை ஓங்கி வைப்பாள். மைக்கை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். அவள் அவசரத்தில் போட்ட அறிவிப்புகளைக் கேட்டு, ஏழாம் நம்பர் திரும்ப வேண்டிய நேரத்தில் பாதி ஏரியே திரும்பி வந்தது.

டாக்டர் விதித்த கெடு முடிந்தது. "இனிமே பேசலாம்மா" என்று சொல்லி அனுப்பினார். அவள் பேசவில்லை.

மெக்கானிக் தினமும் காலையில் வெந்நீர் டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு அவள் உதடுகளையே பார்ப்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். பேசிப் பார்க்காத வரைக்கும் குரல் போகவில்லை அல்லவா? பேசி, வெறும் காற்று வந்துவிட்டால்? ராத்திரிகளில் விளக்கை அணைக்கும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல என்ன இருந்தது?

"அண்ணி, ஒரு 'ஆ'வாவது சொல்லுங்க" என்று நாத்தனார் கெஞ்சினாள். "சொல்ல வேணாம், திட்டவாவது திட்டுங்க. நீங்க திட்டி எவ்ளோ நாளாச்சு! எனக்குச் சாப்பாடே இறங்கல." மைக் அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் அவள் கணவரைத் தட்டி எழுப்பினாள். கையால் சொன்னாள்: படகு. நான். தனியாக. நடு ஏரி.

அவர் திகைத்துப் போனார். துறைக்கு வந்து சங்கிலியை அவிழ்த்தார். இருப்பதிலேயே பெடல் லேசான படகாகப் பார்த்து இறக்கினார். லைஃப் ஜாக்கெட்டை அவரே மாட்டி, ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். விட்டால் நாள் முழுக்க இழுத்திருப்பார். அவள் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு ஏறினாள்.

படகு நகர்ந்தது. தண்ணீரில் ஒரு படகு இருக்கிறதே! விதியை நினைத்துக்கொண்டவராய், அவர் போய் மைக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் மிதித்தாள், மிதித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

கரை ஒரு கோடாகிவிட்டது. அவள் ஆயுளில் பாதியைக் கழித்த கூண்டு தீப்பெட்டியளவு. ஸ்பீக்கர் கம்பம் ஒரு குச்சி. சுற்றிலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அது முடிகிற இடம் தெரியவில்லை. வானம் தொடங்குகிற இடமும் தெரியவில்லை. மேலே ஒரு மேகம் ரோஜா நிறமாக மாறியது. கீழே அதே மேகம் அதே நேரத்தில் அதே நிறமாக மாறியது. நடுவில் அவள் மட்டும் எதிலும் படாமல் தொங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஒரு மீன் துள்ளி விழுந்த வட்டம் விரிந்தது, விரிந்தது, எங்கே போய் முடிந்ததென்றே தெரியவில்லை.

இதிலிருந்தா இத்தனை வருஷமாக எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டேன்? நேரமாகியும் வராத படகுகளை எத்தனை திட்டியிருக்கிறேன்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவு பெரியது எதிரே இருக்கும்போது, பயப்படக்கூட வெட்கமாயிருந்தது.

இங்கே யாரும் இல்லை. என்ன வந்தாலும் யாருக்கும் கேட்காது. அதற்காகத்தானே வந்தாள்?

ஊரார் ரகசியமெல்லாம் அந்தத் தண்ணீரின் வழியாகக் கேட்டவள், தன் முறை வந்தபோது அதையே மறந்துபோனாள். என்றைக்கும் கரையில் இருந்து கேட்டவளாயிற்றே! நடுவில் இருந்து பார்த்தால் அது தனிமையாகத்தான் தெரியும்.

வாயைத் திறந்தாள். காற்று வந்தது. வெறும் காற்று.

கண்ணை இறுக மூடிக்கொண்டு மீண்டும் முயன்றாள். தரையில் பாயை இழுப்பதுபோல் ஒரு சத்தம். அப்புறம், மெல்ல, உடைந்து உடைந்து ஒரு குரல் வந்தது.

"ஏழாம்... நம்பர்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் குரல் இல்லை. யாரோ ஒருத்தியின் குரல். மெலிந்து, கரகரத்து, சாம்பல் பூத்த குரல்.

"இவ்ளோதானா மிச்சம்?" என்றாள். அதுவும் அந்தக் குரலில்தான் வந்தது. "இவ்ளோதானா? அந்தக் குரலக் கேட்டுத்தானே நீந்தி வரேன்னாரு. இத அவர் எப்படிக் கேப்பாரு? நாள் தவறாம நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொன்ன மனுஷன், இனிமே பொய்யா சொல்லணும்? அவருக்குப் பொய் சொல்லவும் வராதே, கடவுளே..."

படகின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பினாள். ஏரி அசையவே இல்லை.

அப்போது கரையில் ஸ்பீக்கர் கொரகொரத்தது.

"அ... அலோ."

தூக்கிவாரிப்போட, அவள் நிமிர்ந்தாள். அந்த ஸ்பீக்கரை ஆயிரம் தடவை பழுது பார்த்தவர், அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மைக் அக்கா... அவர்களின் கவனத்துக்கு." ஒரு செருமல். "இன்னைக்கு... இன்னைக்கு நல்லா இருந்துச்சு."

அவள் இரண்டு கைகளாலும் படகைப் பற்றிக்கொண்டாள். கேட்டிருக்கிறார்! எல்லாவற்றையும், ஒரு சொல் விடாமல், இந்தத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது!

"உடனே கரைக்கு வரவும்" என்றது ஸ்பீக்கர். "நீந்த வேண்டாம். படகிலேயே வரவும்."

அவள் சிரித்தாள். புதுக் குரலின் முதல் சிரிப்பு அது. கரகரவென்று, அழுகையோடு கலந்து, அந்தக் கண்ணாடித் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு கரையை நோக்கிப் போனது. கிழக்கே சூரியன் எழுந்தது. ஏரி மொத்தமும் ஒரே நொடியில் பொன்னாகிவிட்டது.

திரும்ப வேண்டியதுதான். நேரம் முடிந்துவிட்டது. ஆனால் அவள் கால்கள் பெடலை மறுபக்கமாக மிதித்தன.

"இன்னும் ஒரே ஒரு சுத்துங்க" என்றாள், மெல்ல. கத்த வேண்டிய அவசியமில்லை. அவருக்குக் கேட்கும்.