ஊர்வலத்தில் சார்ஜ் ஏறிய பேட்டரி

நான் ட்ரோன் ஓட்டுவதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், என் மாமியார் "மருமவ ஏரோப்ளேன் ஓட்டுதா" என்பார். அதனால் தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேர் எனக்கு விமான நிலையத்தில் வேலை என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நானும் என் கணவரும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். அவர் தரையில் கேமராவோடு ஓடுவார், நான் வானத்தைப் பார்த்துக்கொள்வேன். நகரத்துக்குள் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்குவது லேசில்லை என்பதால், எனக்கு வேலை பெரும்பாலும் தாணேயைத் தாண்டித்தான்.

அந்தக் கல்யாணமும் அப்படித்தான். மாப்பிள்ளை மாட்டுங்கா லேபர் கேம்ப் பையன். பெண் மராத்தி வீடு. பெண்ணின் ஊரில், வயல்களுக்கு நடுவே ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். "அங்க சும்மா ஒக்காந்திருந்தாலும் காத்தாவது வரும்லா" என்று மாமியும் வேனில் ஏறிக்கொண்டார்.

என்னிடம் இருந்தது மூன்று பேட்டரி. முதலாவது மஞ்சள் சடங்கிலேயே தீர்ந்தது. இரண்டாவதைத் தின்றவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கூலிங் கிளாஸைக் கழற்றி, அவர் ஒரு பார்வை பார்ப்பாராம். அதை நான் மேலிருந்து எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். மேலிருந்து வழுக்கைதான் தெரிந்தது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இறங்க வழியில்லாமல் கத்தும்வரை இது நடந்தது.

மூன்றாவது, குதிரையால் போனது. மாப்பிள்ளைக்காகக் கொண்டுவந்திருந்த வெள்ளைக் குதிரை, தவிலின் முதல் அடியைக் கேட்டதும் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. குதிரைக்காரர் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ட்ரோனை ஏற்றி வயல், ஓடை, ரோடு என்று தேடினேன். கடைசியில் அது பந்தலுக்குப் பின்னால், சமையல்காரர்கள் கொட்டிய காலிஃபிளவர் தழையை நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது. அதற்குள் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது.

சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஊரில் மதியமே கரண்ட் போயிருந்தது. பந்தல் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அதைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேனிலிருந்து சார்ஜ் ஏற்றும் வயர் உண்டு. ஆனால் மாப்பிள்ளை சடங்குக்குப் போட வேண்டிய ஷெர்வானியைச் செம்பூர்த் தையல்காரரிடமே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். வேன் அதை எடுக்கப் போயிருந்தது.

அப்போது பார்த்து மணப்பெண் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கை நிறைய மருதாணியோடு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். "தீதி, எனக்காகத்தான் வர்றாங்க. ஆனா ஊர்வலத்த நான் மட்டும் பாக்க முடியாது. நீங்க மேலேர்ந்து எடுங்க, ராத்திரிக்குள்ள நான் பாத்துடணும்" என்றாள் இந்தியில். சரி என்று தலையாட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் பயமே வந்தது.

ரோட்டோரத்தில் ஊர்வலத்துக்கான விளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் விளக்குக் கொத்து சுமக்கும் பெண்கள் இரண்டு வரிசை. எல்லா விளக்குகளுக்கும் வயர் ஒரு கைவண்டியிலிருந்து போனது. அந்த வண்டியில் ஜெனரேட்டர், அதன் மேலேயே பாட்டுப்பெட்டி. விளக்குக்காரரிடம் கேட்டேன். "லோட் ஜாஸ்தி ஆகிடும் அண்ணி" என்று கையை விரித்தார்.

மாமி நடுவில் புகுந்தார். "ரெண்டு வெளக்க அவுத்துருங்க. அது கொறஞ்சா மாப்பிள்ளைக்கு வழி தெரியாதாக்கும்?" என்று தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடித்தார். விளக்குக்காரர் யோசிப்பதற்குள், வரிசையின் கடைசியில் நின்ற பெண் தன் விளக்கை இறக்கி வண்டியில் வைத்துவிட்டார். எரியாத விளக்கை எதற்குச் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பக்கத்தில் நின்ற பெண்ணும் சட்டென்று அதே கட்சியில் சேர்ந்தார்.

சார்ஜரை மாட்டினேன். அதன் பச்சை விளக்கு எரியவில்லை. பை வெயிலில் கிடந்ததில் பேட்டரிகள் கொதித்தன. சூடு ஆறும்வரை அவை சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது. சோடா விற்றவர் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். ஈரம் பட்டால் பேட்டரியைத் தூக்கித்தான் போட வேண்டும் என்று நான் அலறினேன். மாமி ஒரு ஸ்வீட் டப்பாவின் மூடியை எடுத்து, ஊர்வலம் கிளம்பி வண்டி நகர நகரக் கூடவே நடந்து விசிறத் தொடங்கினார். விளக்கை இறக்கிய பெண் மறுபக்கம் நின்று துப்பட்டாவால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது.

ஆனால் பாட்டில் தபேலா பலமாக விழும்போதெல்லாம் பச்சை அணைந்தது. பாட்டைக் குறைத்தேன், ஆடுகிறவர்கள் கத்தினார்கள். கூட்டினேன், பேட்டரி முறைத்துக்கொண்டது. கடைசியில் விளக்குக்காரரே இன்னும் ஒரு விளக்கைக் கழற்றினார். அதன் பிறகு இரண்டும் சமாதானமாயின.

இனி நேரம்தான் வேண்டும். குதிரையோ பசியாறிய தெம்பில் வேகமாக நடந்தது. மாமி தாய்மாமனைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, நீங்க முன்னால நின்னு ஆடுனாதான் குதிர மெதுவாப் போவும்."

"எனக்கு ஆடத் தெரியாதே, பெரியம்மா."

"மேலருந்து எடுக்கப் போறா. நீங்கதான் நடுவுல."

அவ்வளவுதான். மனிதர் ரோட்டில் படுத்துப் பாம்பு நடனமே ஆடிவிட்டார். குதிரை நின்று வேடிக்கை பார்த்தது. எழுந்திருக்க அவருக்கு மூன்று பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் சார்ஜ் சேர்ந்தது.

பந்தல் வாசல் தெரிந்தபோது ஒரு பேட்டரி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அதை உருவி ட்ரோனில் சொருகி மேலே ஏற்றிவிட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வயல்களெல்லாம் மங்கிக் கிடக்க, ரோட்டில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு நெளிந்து நெளிந்து வந்தது. நடுவில் குதிரை மேல் மாப்பிள்ளை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறக்கி முடித்ததும் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சடங்குகள் தொடங்குவதற்கு முன் அறைக்குப் போய் மணப்பெண்ணிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்தாள். இரண்டாவது தடவை கண்ணைத் துடைக்கப் போனவள், கையில் மருதாணி என்று நினைவு வந்து சிரித்தாள். பிறகு திரையின் ஓரத்தைக் காட்டி, "இவங்க யாரு? வண்டிக்கு ஏன் விசிறுறாங்க?" என்றாள்.

மிச்சமிருந்த இரண்டு பேட்டரிகளுக்கும் மாமி விசிறிக்கொண்டே நடந்திருக்கிறார். கூடவே விளக்கை இறக்கிய அந்தப் பெண். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு, ஊர்வலத்தையே மறந்து வண்டியோடு நடந்து வருகிறார்கள்.

"ஏட்டி, அத வெட்டிரு. தலையில துணி நழுவிக் கெடக்கு" என்றார் மாமி, வேனில் திரும்பும்போது. மணப்பெண் வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்றேன். செம்பூர் வரும்வரை மாமி என்னோடு பேசவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரிகளை உட்காரவைத்து, அதை என் போனில் போடச் சொன்னார்.