பாவு நீட்டும் தெருவுக்கு வந்த நோட்டீஸ்

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு விடிந்ததும் பட்டு நூலுக்குச் சொந்தம். தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு நூலான பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவோம். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது?

ஒருநாள், பாவின் முனையைக் கட்டும் விளக்குக் கம்பத்தில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசை ஈரமாக இருந்தது. பட்டில் பட்டால் கறை போகாது. படிக்க யாருக்குப் பொறுமை? உரித்துக் கசக்கிப் போட்டோம். மறுபடி ஒட்டினார்கள், மறுபடி உரித்தோம். ஒட்டியவரைத் திட்டியது தனி.

சில நாள் கழித்து எதிர்வரிசைப் புடவைக்கடைக்காரர் வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு கூட்டத்துக்கு வரீங்களா? நோட்டீஸ் ஒட்டிக்கினே இருக்காங்க, உங்க பக்கம் யாரும் வாயே திறக்கலையே?"

"எந்தக் கூட்டம்ணா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் தெருவைத் தனி வணிகப் பகுதியாக்கப் போகிறார்களாம். கடைகள் கூடுதல் கட்டணம் கட்டும். அதில் விளக்கு, நடைபாதை, தெரு நடுவே பூந்தொட்டிகள். ஆட்சேபம் இருந்தால் கூட்டத்தில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

நடுவில் தொட்டி வந்தால் பாவு நீட்ட முடியாது. அவர் மேல் கோபமாக வந்தது. எங்களிடம் சொல்லாமல் அவர் சும்மா இருந்திருந்தால் அவர் கேட்டது தானாக நடந்திருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்று நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

மறுநாள் தெருப் பெண்கள் சேர்ந்து போனோம். அதிகாரி திட்டத்தை வாசித்துவிட்டு, "ஆட்சேபம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். தெருவில் எட்டு வீட்டுக்குக் கேட்கும் என் குரல் மைக்கைக் கண்டதும் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் இடித்தாள். அப்போதும் கை எழவில்லை.

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. புடவைக்கடைக்காரர்.

"மனு குடுத்ததே நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். இவங்க பாவு நீட்டுற இடமாச்சேன்னு யோசிக்காம குடுத்துட்டேன். தொட்டிய ஓரமா வைங்க. மீதிய அவங்களே சொல்லட்டும்."

கடைக்காரர் மைக்கை என்னிடம் நீட்டினார். எழுந்தேன், பேசப் பேசக் குரல் திரும்பியது. தொட்டிகள் ஓரத்துக்கு என்று அங்கேயே திருத்தி எழுதினார்கள். "ரொம்ப நன்றிங்க" என்றேன். அதிகாரி தலையாட்டி ஏற்றுக்கொண்டார். நான் பார்த்துச் சொன்னது முன்வரிசைக் கடைக்காரரை.