அப்பா வெட்டிய வடிகால்

நயா பைசா வந்ததற்கு அடுத்த வருடம், மார்கழி முடிகிற சமயத்தில், நானும் அப்பாவும் கொடைக்கானலிலிருந்து இறங்கி ராமநாதபுரம் கரையோரத்து மணல் தீவு ஒன்றுக்குப் போனோம். அக்காவைப் பார்த்து வருவதாகத்தான் பேச்சு. ஆனால் அப்பா மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டார். வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, யாருக்குக் குழி வெட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"மக வீட்ல தண்ணி நிக்கிதுங்க. வடிச்சு விடணும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அக்காவின் கணவர், என் மச்சான், கருவாட்டு வியாபாரி. மாதம் ஒரு முறை கூடைகளோடு மலையேறுவார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டு, மிச்சத்தைப் பூம்பாறையிலும் பூண்டியிலும் வீடு வீடாகத் தள்ளிவிட்டு, இறங்கும்போது பூண்டு வாங்கிக்கொண்டு போவார். சந்தைக்கு வருகிற ஞாயிறுகளில் மாதா கோயில் காலைப் பூசையில் எங்களுக்குப் பின் வரிசையில் நிற்பார். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்தது. அம்மாவுக்கு இஷ்டமில்லை. "தண்ணிக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கவா பெத்தேன்?" என்று நிச்சயத்தன்று வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இஷ்டம். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தலைப் பிரசவத்துக்கு அக்கா எங்கள் ஊரான அட்டுவம்பட்டிக்கு வந்து, ஆவணியில் குழந்தையோடு திரும்பிப் போனாள். இங்கே இருந்த மாதங்களில் அந்த வீட்டைப் பற்றி ஓயாமல் சொன்னாள். மழை பெய்தால் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது, வாரக்கணக்கில் வடிவதில்லை, காலெல்லாம் சேற்றுப்புண், வைத்த தென்னம்பிள்ளைகள் மஞ்சளடித்து நிற்கின்றன. குறையாகச் சொல்லவில்லை, புது வீட்டுக்காரி தன் வீட்டின் சேட்டைகளைச் சொல்வது போலச் சொன்னாள். அப்பா மட்டும் அதை, தனக்கு மருந்து தெரிந்த ஒரு நோயைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் தோட்டம் சரிவில் இருந்தது. படிப்படியாக வெட்டிய மண். அதில் தண்ணீர் ஒரு நாள் நின்றால் பூண்டு அழுகும், இரண்டு நாள் நின்றால் கிழங்கு அழுகும். மழை விட்டதும் அப்பா மண்வெட்டியோடு போய் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் அடைத்துக் கிடப்பதைத் திறந்து விடுவார். தண்ணீர் கீழ்ப் படிக்கு, அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து எங்கேயோ. பங்களாத் தோட்டங்களில் நீர் தேங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தெரிந்த உலகத்தில் எல்லா மண்ணுக்கும் ஒரு கீழ்ப்பக்கம் இருந்தது.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலையில் இருந்தேன். மலைப் பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை. அதனால் துணைக்குப் போனேன்.

தீவு என்றாலும் கடல் வற்றியிருக்கும்போது முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். நீளமாக, ஒடுக்கமாக, கரைக்கு முன்னால் கடல் போட்டு வைத்த மணல் வரப்பு போல இருந்தது. கிழக்கே திறந்த கடல். மேற்கே, தீவுக்கும் கரைக்கும் நடுவில், அலையில்லாத ஆழமற்ற நீர்ப்பரப்பு. கடலைப் பார்த்த மேட்டில் மச்சானின் அண்ணன்மார் வீடுகள். கடைக்குட்டியான அவருக்குப் பின்பக்கத்துத் தாழ்வான இடம் கிடைத்திருந்தது. சின்ன மணல் மேடு ஒன்றில் ஓலை வீடு, வீட்டை ஒட்டி ஊற்று. அதற்கு அப்பால் தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிந்து அந்த நீர்ப்பரப்பில் கலந்தது. எங்கே தரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று நேரத்துக்கு நேரம் மாறியது.

அந்த மண்ணை அப்பா முதல் நாள் சாயங்காலமே கையில் எடுத்துப் பார்த்தார். மேலே வெள்ளை மணல். ஒரு சாண் தோண்டினால் ஈயக் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. தோண்டிய குழியில் நாங்கள் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் ஊறி நிறைந்தது. காய்ந்த திட்டுகளில் உப்புப் பொருக்கு பூத்துக் கிடந்தது. உமரிச் செடி மட்டும் சதைப்பற்றோடு தரையில் படர்ந்திருந்தது. "பச்சை இருக்குல்ல? அப்ப மண்ணு செத்துப் போகலை" என்றார் அப்பா.

நாங்கள் போன அன்று மச்சான் ஊரில் இல்லை. பெரிய சுற்றாக மலைக்குத்தான் போயிருந்தார். நாங்கள் இறங்கும்போது அவர் ஏறியிருக்க வேண்டும், வழியில் எங்கேயோ இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று கடந்திருக்கும்.

ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடி உடைத்த பெரிய பானையை மணலில் இறக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் அது. கை விட்டால் தண்ணீர் தட்டுப்படும். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஆனால் நல்ல தண்ணீர், இளநீரில் கொஞ்சம் தண்ணீர் கலந்தது போல. அந்தப் பின்பக்கத்தில் வேறு எங்கேயும் அப்படிக் கிடையாது. காலையும் மாலையும் பக்கத்துக் குடிசைப் பெண்கள் குடத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குடம் நிறைய வெகு நேரமாகும் என்பதால் பேச்சும் வெகு நேரம் நடக்கும். கல்யாணமான புதிதில் தன்னோடு யாரும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். மச்சான் இந்த ஊற்றைத் தோண்டிய பிறகுதான் அவளுக்கு அங்கே மனிதர்கள் கிடைத்தார்கள். அவர்கள் கூப்பிட்ட பெயர் என்னவோ 'மலைக்காரி'தான்.

தை பிறந்து வளர்பிறை அட்டமியை ஒட்டி அப்பா வேலையைத் தொடங்கினார். வீட்டுக் கொல்லையிலிருந்து ஊற்றுக்குப் பக்கமாக வளைத்து, உமரிப் பரப்பை அறுத்துக்கொண்டு, நீர்ப்பரப்பு வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வடிகால். பக்கச் சுவர் நிற்காமல் சரிந்தது. ஓலையும் விறகும் செருகி நிறுத்தினோம்.

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கொஞ்சம் ஏறி வரும்ப்பா" என்றாள் அக்கா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"எது வரைக்கும்?"

"அந்த உமரி வரைக்கும்."

"வரட்டும். வந்த வழியாவே போயிரும். இப்ப போக வழியில்லாமத்தான தாயி நிக்கிது?"

குடத்தோடு வந்த ஒருத்தி, நடுவயதுக்காரி, எல்லோரையும் கேலி பேசுகிறவள், இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "ஏ மலைக்காரி, ஒங்கப்பாரு கடலுக்கு வாசல் வச்சுக் குடுக்குறாரா? நெலையும் கதவும் யாரு செலவு?"

"கதவு மலையில இருந்து தேக்குல வருது" என்றார் அப்பா மண்வெட்டியை நிறுத்தாமல். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேலி செய்தவளும் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வடிகால் வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. கடல் வற்றும்போதெல்லாம் கொல்லைத் தண்ணீர் கறுப்பாக நுரைத்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. அந்த வாரக் கடைசியில் கொல்லை மிதிக்கிற பதத்துக்கு வந்தது. அக்கா பாய் விரித்துக் குழந்தையை அதில் விட்டாள். அப்பா ஒவ்வொரு தென்னம்பிள்ளையின் அடியையும் கொத்திவிட்டு, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வர்ற மாசமே குருத்து வெளுப்பு மாறும் பாருலே" என்றார் என்னிடம்.

தைப்பூசப் பௌர்ணமியன்று காலை. பழனிக்கு எங்கள் மலையடிவாரம் முழுக்கக் காவடி நடந்துகொண்டிருக்கும் நாள். விடிந்து வெளியே வந்தபோது நீர்ப்பரப்பு வழக்கத்தைவிடக் கிட்டத்தில் பளபளத்தது. வடிகாலுக்குள் தண்ணீர் இருந்தது. அது எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஓசையே இல்லை. உமரிச் சருகுகளையும் ஒரு கோழி இறகையும் தலையில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில், அப்பா அழகாக வளைத்திருந்த வளைவில் வளைந்து வந்தது.

அப்பா ஓடினார். "ஏலே, வெரசா வா! மண்ணத் தள்ளு!" நான் கையால் தள்ளினேன். அவர் மண்வெட்டியால் தள்ளினார். ஈர மணல், போட்ட இடத்தில் நிற்காமல் குழைந்து விழுந்தது. ஓரிடத்தில் அடைத்தால் பக்கத்தில் கரைத்துக்கொண்டு வந்தது. அக்கா கதவு ஓலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதையும் வைத்தோம். தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு கொல்லைக்குள் நுழைந்து, தென்னம்பிள்ளைகளைத் தாண்டி, ஊற்றின் பானை விளிம்பைத் தொட்டு, ஒரு கணம் நின்று, உள்ளே இறங்கியது. யாரையும் அடித்துக்கொண்டு போகிற வெள்ளம் இல்லை. கணுக்கால் அளவுதான். நாங்கள் மூன்று பேரும் அதில் நின்றுகொண்டிருந்தோம்.

மத்தியானத்துக்குள் அது வற்றி, வந்த வழியாகவே போயிற்று. அப்பா சொன்னது அதில் தப்பவில்லை.

பிறகு நாங்கள் வடிகாலைத் தூர்த்தோம். ஊற்றை இறைத்தோம். இறைத்தால் புதுத் தண்ணீர் ஊறும் என்பது அப்பாவின் கணக்கு. மலையில் கலங்கிய கிணற்றுக்கு அதுதான் வழி. இங்கே இறைக்க இறைக்கக் கரிப்பு கூடியது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பா ஒவ்வொரு சிரட்டையையும் நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பி, மறுபடி மொண்டார். அக்கா, "போதும்ப்பா, விடுங்க" என்று எத்தனை முறை சொன்னாள் என்று நினைவில்லை.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சிரட்டையில் மொண்டு வாயில் வைத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு கடற்கரை மேட்டுப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். கேலிக்காரி மட்டும் நின்று, "கவலப்படாத மலைக்காரி. மழை பேஞ்சா மாறும்" என்றாள். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்தது ஐப்பசியில்.

மச்சான் மூன்றாம் நாள் வந்தார். ஊற்றைப் பார்த்தார், தூர்த்த தடத்தைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும்.

"நீங்க என்ன மாமா செய்வீங்க? நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றார்.

"மாப்ளே, அண்ணன்மாரு ஊத்துல எடுக்க விடுவாங்களா?"

"விடுவாங்க. ஒரு நாளு ரெண்டு நாளு விடுவாங்க." கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, "வீட்டப் பூட்டிட்டுப் போனா எடத்த எடுத்துக்குவாங்க. அதான் யோசனையா இருக்கு" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு நான் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கடலோர மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது, அதிகம் இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலேறும் என்று ஒரு கனத்த புத்தகத்தில் இருந்தது. உவர் நிலத்தைத் திருத்த இரண்டு வழிகள் போட்டிருந்தது. ஒன்று, நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைப்பது. இன்னொன்று, கரைந்ததைத் தாழ்வான இடத்துக்கு வடிப்பது. கடலைவிடத் தாழ்வான இடத்தைப் பற்றி எதுவும் போடவில்லை. அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப என்னதான் செய்யணும்ங்குது?" என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடுத்த அத்தியாயம் கரும்பைப் பற்றியது.

பங்குனியில் அக்கா குழந்தையோடு மேலே வந்துவிட்டாள். மேட்டு ஊற்றில் சண்டை. மச்சான் தனியாக அந்த வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அந்த வருடம் மலையில் நல்ல மழை. அப்பா வழக்கம் போல் படிகளைத் திறந்து விடுவார். திறந்துவிட்டு, தண்ணீர் ஓடையில் விழுந்து போவதைப் பார்த்தபடி அங்கேயே நிற்பார். அம்மா ஒரு தடவை, "ஏங்க, நனையாம உள்ள வாங்க, அந்தத் தண்ணி சாக்குல கட்டி அவளுக்கு அனுப்புற சாமானா?" என்று கத்தினாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அங்கே ஐப்பசி மழை கால் மழையாய்ப் போயிற்று. கார்த்திகைக் கடைசியில் மச்சான் கூடைகளோடு வந்தார். மடியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி மிக்சர் பாட்டிலை எடுத்து வைத்தார். ஊற்றுத் தண்ணீர்.

"எப்படி இருக்கு மாப்ளே?" என்றார் அப்பா.

"நீங்களே பாருங்க மாமா. எனக்குப் பழகிருச்சு. தெரியல." பிறகு அக்காவைப் பார்க்காமல், "அண்ணன் வேலிக்குச் சவுக்குக் கழி எறக்கியிருக்காரு. நான் யாவாரத்துக்குப் போயிட்டா ஆளு இல்லாத வீடுதானங்குறாரு" என்றார்.

அப்பா பாட்டிலை எடுப்பதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். மூடியைத் திறந்து, மடக்கு மடக்காகப் பாதியைக் குடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"குடிக்கலாம்ப்பா. முன்ன மாதிரி இல்ல, ஆனாக் குடிக்கலாம்."

அம்மா, "எங்கிட்டக் குடு" என்றாள். அக்கா கொடுக்கவில்லை. மூடியைத் திருகி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அம்மா பின்னாலேயே போய் அழுதாள், திட்டினாள், குழந்தையையாவது விட்டுப் போ என்றாள். மச்சான் வாசலில் கூடையின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். குழந்தை அப்பாவின் விரலை விடாமல் அழுதது. கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் பிரித்து எடுக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அலமாரியைத் திறந்து மிச்சத்தை வாயில் ஊற்றிக்கொண்டார். துப்பவில்லை. பாட்டிலை என்னிடம் நீட்டினார். அடியில் கிடந்ததை நானும் குடித்தேன்.

"புள்ளைக்கும் இதுலதானலே கஞ்சி காய்ச்சுவா?" என்றார்.

தொண்டை எரிந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டினேன்.