மூன்று மில்லி

மரச்சாமான் பட்டறையில் கணினியில் படம் போடுகிறவளுக்கு ‘இம்மியக்கா’ என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. “என் படத்துல இம்மிகூடப் பிசகாது” என்று பதினோரு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அலமாரிக் கதவில் கீல் எங்கே, கைப்பிடி எங்கே என்று திரையில் வழிகாட்டிக் கோடுகள் இழுத்து, அவற்றோடு ஒட்டி நிறுத்துவாள். அச்சடித்த தாளைப் பலகையில் ஒட்டி, புள்ளி பார்த்துத் துளை போடுவார் டிரில்லிங் அண்ணன். போன வருஷம்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் நாற்பது கதவுகள். கீல் துளை ஓரத்திலிருந்து இருபத்து மூன்று மில்லிமீட்டரில் வர வேண்டும். முந்தின நாள் ஒரு ஜன்னல் படத்துக்காகத் திரையில் பத்து மில்லிக் கட்டங்களைப் போட்டு, வைக்கிற பொருள் தானாகக் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் ‘ஸ்நாப்’ வசதியையும் போட்டிருந்தாள். எடுக்க மறந்துவிட்டாள். இருபத்து மூன்று என்று தட்டிப் போட்டிருந்தாலும் தப்பித்திருப்பாள். மகாராணி மவுஸால் இழுத்து விட்டாள். துளை நைசாக இருபதில் போய் உட்கார்ந்தது. மற்றவற்றை அதோடு ஒரே வரிசையில் நிறுத்தும் பொத்தானையும் அழுத்தினாள். தப்பு இம்மி பிசகாமல் வரிசை கட்டி நின்றது.

அவள் படமாயிற்றே என்று அண்ணன் ஒன்றைக்கூட மாட்டிப் பார்க்காமல் நாற்பதிலும் துளை போட்டிருந்தார். ஒரு கதவும் மூடவில்லை. கீழே சத்தம் கேட்டதுமே படத்தைத் திறந்தாள், புரிந்துவிட்டது. முதலாளி படியேறி வருவதற்குள் எல்லாத் துளைகளையும் இருபத்து மூன்றுக்குத் தள்ளி, பழைய படத்தின் மேலேயே சேமித்தாள். கை முந்திக்கொண்டது, மனசு பிறகுதான் விழித்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். மனசு முழுசாக விழித்துத்தான் இருந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார். பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

“படம் சரியாத்தானே இருக்கு? கண்ணு தெரியலைன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா?”

ஒட்டிய தாள்களெல்லாம் கிழிந்து குப்பைக்குப் போயிருந்தன. அண்ணன் மறுநாள் அவராகவே கேட்டு பேக்கிங் பக்கம் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் துளை போட்ட மனுஷன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார். ஒட்டியதைக் கண்ணால் பார்த்து நம்பாமல் விரலால் தடவிப் பார்க்கிறார். அதைப் பார்த்த அன்று நேராக அவரிடம் போனாள்.

“அண்ணே, தப்பு உங்க கண்ணுல இல்ல, என் படத்துல. நீங்க மேல வர்றதுக்குள்ள நான்தான் மாத்திட்டேன்.”

அவர் சிரித்தார். “என் எதிர்லதானேம்மா முதலாளி பார்த்தாரு? இருபத்து மூணுன்னு இருந்துச்சே.”

“அதுதாண்ணே மாத்தினது. சத்தியமா.”

“உன் படம் என்னைக்கும்மா தப்பாயிருக்கு?” என்றவர், பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டார். “கேட்டீங்களாப்பா, என் தப்பைத் தன் தலையில போட்டுக்க வந்திருக்கு. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா.”

எல்லோரும் அவளைப் பாசமாகப் பார்த்தார்கள். முதலாளியிடமே போய்ச் சொல்கிறேன் என்று திரும்பினாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம்மா. எனக்காக நீ வேலையைத் தொலைச்சுக்காதே.”

அவளுக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது. அதையும் அவர் இரக்கம் என்றே எடுத்துக்கொண்டு, துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையை நீட்டினார்.