இன்னொரு தடவை கேளுங்க

ஸ்டீபன் இறந்த செய்தியை அவர் மனைவி அமுதாதான் போனில் சொன்னார். கோவையில் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். “விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாருங்க. நீங்க பதறிக்கிட்டு ஓடி வர வேண்டாமுங்க. சாப்புட்டுட்டு மெதுவா வாங்க” என்றார். கணவரைப் பறிகொடுத்த சற்று நேரத்தில் வருகிறவரைச் சாப்பிடச் சொல்கிற ஊர் எங்களுடையது. நான் சாப்பிடவில்லை. கோபிசெட்டிபாளையம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன்.

அவரோடு பறந்தவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறீர்கள். அடக்கத்துக்கு வர முடியாத உங்களுக்காகவும், அவர் செய்த வேலை இன்னதென்று தெரியாத எங்கள் ஊர்க்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஸ்டீபன் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் சிறிய விமானம் ஓட்டினார். நான் இன்றும் அங்கேதான் ஓட்டுகிறேன். ரோடு போகாத காட்டு விடுதிகளுக்குச் சுற்றுலாப் பயணிகளையும் முட்டை, காய்கறியையும் கொண்டுபோய் இறக்குவது எங்கள் வேலை. ஓடுதளம் வெறும் மண். இறங்குவதற்கு முன் தாழப் பறந்து யானை ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால் ஸ்டீபன், “கோபி அந்தியூர் மினி பஸ்தானுங்க. மேல போவுது, அவ்வளவுதான்” என்பார். பெரிய விமானம் எப்போது ஓட்டுவீர்கள் என்று விடாமல் கேட்ட ஒரு பெரியவருக்கு அவர் சொன்ன பதில்: “மினி பஸ்ஸுலதானுங்க டிரைவர்கிட்டப் பேச்சுக் குடுக்க முடியும்.”

எங்கள் அறிமுகமே ஒரு கூத்து. விமானி உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கோவையில் உட்கார்ந்துகொண்டு போட்ஸ்வானாவிலுள்ள சின்ன விமானக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஈமெயில் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசியில், என்னைப் படிக்க வைக்க லேத் பட்டறையை விற்றிருந்த அத்தா, நேரில் போய்ப் பார் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கம்பெனிகள் இருக்கிற மவுன் என்ற ஊரில், வேலை தேடும் விமானிகள் கூடாரம் போட்டுத் தங்குகிற ஓர் இடம் உண்டு. போய் இறங்கிய அன்று பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு குரல்: “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? செரிங்க, நான் அப்பறமா கூப்படறனுங்க.” அந்தப் பாலைமணலில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை அவருக்கு நான் ‘வாங்க ரியாஸ்’தான், எனக்கு அவர் ‘சொல்லுங்க ஸ்டீபன்’தான். நீ, வா, போ என்று பேசிக்கொள்ள எங்கள் இருவருக்கும் நாக்கு வரவில்லை.

அவர் எனக்கு முன்பே வந்து அலைந்துகொண்டிருந்தவர். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். வெளிநாட்டில் நர்ஸாக இருந்த அக்காதான் அவரைப் படிக்க வைத்தார். ஈமெயில் கதையை அவரிடம் சொன்னபோது, “அதுக்கு மூஞ்சி இல்லீங்களே” என்றார். “தெனமும் காத்தால போய் நில்லுங்க. வேலை கேக்கப் போவாதீங்க, வணக்கம் சொல்லப் போங்க. எவனாவது ஒருத்தன் வேலைய உட்டுப் போறப்ப, கண்ணு முன்னால நம்ம நின்னுட்டு இருக்கோணும்.” அப்படியே செய்தோம். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் வணக்கம் வைத்தோம், விமானம் கழுவினோம், பைகளைத் தூக்கி ஏற்றினோம். யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் போய்ச் செய்தோம்.

ஒரு நாள் காலை ஹெலன் வெளியே வந்தார். அங்கிருந்த ஒரு சிறிய கம்பெனியின் தலைமை விமானி, கண்டிப்பான பெண்மணி. அன்று சாமான் மட்டும் ஏற்றிப் போகும் விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலி. அந்த இருக்கையில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் ஆளை எடைபோடுவார்கள் என்பது வேலை தேடும் எல்லோருக்கும் தெரியும். “உங்களில் ஒருவர் வாருங்கள்” என்றார். நான் உடனே, “ஸ்டீபன் போகட்டும்” என்றேன். ஸ்டீபன், “இல்லை, ரியாஸ் போகட்டும்” என்றார். பிறகு தமிழில் ஆரம்பித்தோம். “நீங்க போங்க.” “அட, நீங்க மொதல்ல போங்க.” எங்கள் பக்கத்தில் டவுன் பஸ் படிக்கட்டில்கூட இது நடக்கும். கூப்பிட்டவுடன் முதலில் ஏறுகிறவன் நாகரிகம் தெரியாதவன். ஹெலன் வாட்சைப் பார்த்தார். வேலியோரம் நின்றிருந்த ஒரு நியூசிலாந்துக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அந்த வாரமே அவருக்கு வேலையும் கிடைத்தது.

அன்று மாலை நான் ஸ்டீபனோடு பேசவில்லை. நானும் அதே தவறைத்தான் செய்தேன் என்பது தெரிந்திருந்தும் கோபம் அவர்மேல்தான் வந்தது. நான் அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி முடியப்போகிறது. வெறுங்கையோடு திரும்பினால் பறப்பது அத்தோடு சரி. பட்டறை இல்லாத அத்தாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் காலை அவர் கூடாரத்தில் இல்லை. தனக்காகக் கேட்கத்தான் தனியாகப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். போகட்டும், அவரும் எத்தனை நாள்தான் நிற்பார் என்று நான் வழக்கம்போல விமானம் கழுவப் போனேன். சற்று நேரத்தில் ஹெலன் வந்தார். “ஏறு” என்றார். ஏறினேன். இரண்டு விடுதிகளில் இறங்கி ஏறித் திரும்பியபின், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். இறங்கும்போது அவரே விஷயத்தைச் சொன்னார்: “உன் நண்பர் காலையில் என் அறைக்கு வந்தார். எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டால் எவ்வளவு ஆசை இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம், அது மரியாதை, ரியாஸை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றார். அப்படியானால் உங்களையும் இன்னொரு தடவை கேட்கட்டுமா என்றேன். முதலில் அவரைக் கேளுங்கள் என்று போய்விட்டார்.”

சொல்ல ஓடினேன். ஸ்டீபன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அனுமதி என்னுடையதற்கு முன்பே, அந்த வாரத்தோடு முடிகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு காலி இடம் போனதில் அவருக்கு ஒரு வருடம் போயிற்று. அந்த வருடம் முழுக்க ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரியிடம் லோடு வேன் ஓட்டினார். அடுத்த சுற்றுலா சீஸனுக்கு மறுபடி வந்தார், மறுபடி வாசல் வாசலாக வணக்கம் சொன்னார், வேறொரு கம்பெனியில் வேலை வாங்கினார். அதுவரை என் அறையில்தான் தங்கினார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு பேரும் ஒண்ணா ஊருக்குத் திரும்பியிருந்தா, இந்த வருசம் எனக்கு யாருங்க தங்க எடம் குடுக்கறது?” அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர விடவில்லை. நன்றி சொல்லப் போனால் உப்புப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டிவிடுவார்.

எனக்கு வேலை, வீடு, என் அத்தாவின் கடைசிக் காலத்து நிம்மதி எல்லாமே அவர் ஒரு காலை நேரத்தில் ஹெலனின் கதவைத் தட்டியதால் வந்தவை. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆனால் அவரிடமிருந்து என்னோடு வைத்துக்கொண்டிருப்பது எதுவென்று கேட்டால், வேலையைச் சொல்ல மாட்டேன்.

கல்லீரல் கெட்டுவிட்டது என்று அவர் ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. போன மாதம் போனில் பேசியபோது குரல் மெலிந்திருந்தது. “நான் வரட்டுங்களா?” என்றேன். “அட, எதுக்குங்க? சீஸன் நேரம். லீவு போட்டா ஆள் இருக்காது. நீங்க வேலையப் பாருங்க, நான் நல்லாத்தான் இருக்கறனுங்க” என்றார். சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிடப் போனேன். வைக்கவில்லை. “ஸ்டீபன், நான் வரட்டுங்களா?” என்று மறுபடி கேட்டேன்.

“வாங்க” என்றார்.

வந்தேன். கடைசிப் பத்துப் பதினைந்து நாள், தினமும் கோவையிலிருந்து பஸ்ஸில் போய், பகலெல்லாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.